பென்சில் கோடு

மாலை ஐந்தே முக்காலுக்கு டியூஷன் ஆசிரியை போன் செய்தார். "உங்க பொண்ணு இன்னிக்கு வரலையேம்மா, உடம்பு சரியில்லையா?" பதினோராம் வகுப்பு படிக்கும் என் மகள், அபிராமபுரத்தில் இருக்கும் அவர் வீட்டுக்கு என்று சொல்லித்தான் அடையாற்றிலிருந்து கிளம்பியிருந்தாள். அவளுடைய போன் அணைந்திருந்தது.

வேறொரு அம்மா முதலில் தோழிகளைக் கேட்டிருப்பாள். நான் அவள் மேசைக்கு ஓடினேன். வாடகை நூலகத்திலிருந்து அவள் எடுத்துவரும் இளையோர் நாவல்களைச் சில மாதங்களாக அவளுக்குத் தெரியாமல் நானும் படித்துவந்தேன். எல்லாவற்றிலும் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி தான் யார் என்று தேடுவாள். முடியை வெட்டிக்கொள்வாள், பெயரை மாற்றிக்கொள்வாள். பெற்றோர் அவ்வப்போது வந்து தப்பாக ஏதாவது சொல்லிவிட்டுப் போவார்கள். என் மகள் என்னிடம் சொல்லாததெல்லாம் அந்தப் பக்கங்களில் இருப்பதாக நம்பினேன்.

மேசையில் கிடந்த நாவலில், தான் இந்த வீட்டார் நினைக்கும் பெண் இல்லை என்று நாயகி சொல்லும் இடத்தில் பென்சில் கோடு. அடுத்த பக்கத்தில் அவள் ரயில் ஏறிவிடுகிறாள்.

கணவருக்குப் போன் செய்தேன். "ஏங்க, இவ டியூஷனுக்குப் போகலையாம், புக்குல கோடு போட்டு வெச்சிட்டுப் போயிருக்கா. நீங்க எக்மோர் போங்க, நான் சென்ட்ரல் போறேன்."

"என்ன கோடு?"

படித்துக் காட்டினேன்.

"அடிப்பாவி, அது லைப்ரரி புக்குடி! எத்தனை பேர் கை பட்டிருக்கும்? அவ ஃப்ரெண்ட்ஸுக்குப் போன் பண்ணியா மொதல்ல?"

புரட்டிப் பார்த்தேன். மழை வர்ணனைக்கும் கோடு இருந்தது. கடினமான சொல் ஒன்றுக்கு மேலே யாரோ பொருள் எழுதியிருந்தார்கள். அது என் மகளின் கையெழுத்து இல்லை. ஆறுதல் வந்திருக்க வேண்டும். பயம்தான் கூடியது. அந்தப் புத்தகத்தை ஒதுக்கிவிட்டால், அவள் எங்கே போயிருப்பாள் என்று யோசிக்க என்னிடம் ஒன்றுமே இல்லை.

தோழிகள் யாருக்கும் தெரியவில்லை. கணவர் பேருந்து நிறுத்தங்களில் தேடிக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்றேன். ஏழரை மணி இருக்கும், லிஃப்டிலிருந்து அவள் வந்தாள்.

"எங்கடி போன?"

"எங்கயும் இல்லம்மா. பஸ்ல ஏறி நங்கநல்லூர் வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேன். எனக்கு மேத்ஸ் க்ரூப் வேணாம். உன்கிட்ட அத எப்படிச் சொல்றதுன்னு யோசிக்கத்தான் போனேன்." செருப்பைக் கழற்றினாள். "கத்தறதுனா கத்திடு. அப்புறம் உக்காந்து கேளு, எல்லாத்தையும் சொல்றேன்."