கண் மூடியிருந்தவளுக்கு நான் சொன்ன கதை

மூன்று வருடங்களுக்கு முன்பு, தீபாவளிக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, சிங்கப்பூர் தேக்காவில் நடந்தது இது. சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு நகைக்கடைக்கு மேல்மாடியில்தான் நான் வேலை பார்க்கும் பார்லர். புக்கிட் பாத்தோக்கிலிருந்து தினமும் எம்ஆர்டி ரயிலில் வந்து போகிறேன். புருவம் திருத்துவதில் எனக்கு இருபது வருட அனுபவம். வாய் பேசுவதில் அதைவிட அதிகம்.

எங்கள் வேலையைப் பற்றி முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் நான் புருவம் எடுப்பேன். நாற்காலியில் சாய்ந்திருக்கும் பெண் கண்ணை மூடி, இமையைத் தன் விரலாலேயே இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். ஆக, அந்த நேரத்தில் அவளால் பார்க்க முடியாது, என்னால் பேச முடியாது. ஆனால் எங்கள் கடைச் சுவரில் ஒரு டிவி இருக்கிறது. காலையில் கடை திறந்த கொஞ்ச நேரத்தில் ஒரு சீரியலின் மறுஒளிபரப்பு ஆரம்பிக்கும். படுத்திருப்பவர்களுக்குச் சத்தம் மட்டும்தான் கேட்கும். "என்னாச்சு, என்னாச்சு?" என்று துடிப்பார்கள். ஒரு புருவம் முடிந்ததும் நூலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, நடந்ததை நான் சொல்வேன். சும்மா சொல்ல மாட்டேன். பின்னணி இசையையும் வாயாலேயே போட்டுச் சொல்வேன். "உங்க வாயால கேட்கிறதுக்குத்தான் இந்த நேரத்துக்கு வர்றேன்" என்று சொன்ன வாடிக்கையாளர்கள் உண்டு. எனக்கும் தலைகால் புரியாத பெருமை.

அந்தச் சீரியலின் கதை உங்களுக்குத் தெரியாததில்லை. பணக்கார நாயகன், ஏதோ ஒரு பழியைத் தீர்க்க, ஏழைப் பெண் கழுத்தில் பலவந்தமாகத் தாலி கட்டிவிடுவான். அடிப்பான், அறையில் வைத்துப் பூட்டுவான். அப்புறம் அடித்த கையையே சுவரில் குத்திக்கொள்வான். ரத்தம் வரும். அடி வாங்கியவளே ஓடி வந்து கட்டுப் போட்டுவிடுவாள். உடனே புல்லாங்குழல் வாசிப்பார்கள், இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். நானும் கண் கலங்கிப் பார்ப்பேன். அந்த நடிகரை எங்கள் கடையில் எல்லோருக்கும் பிடிக்கும்.

மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஒரு பெண் வருவாள். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். தமிழ்நாட்டிலிருந்து கல்யாணமாகி வந்தவள். கணவருக்கு இங்கே நல்ல வேலை, அதை வைத்துத்தான் அவளும் இங்கே தங்க அனுமதி. அதிகம் பேச மாட்டாள். ஆனால் சீரியல் கதையை அவளைப் போல யாரும் கவனமாகக் கேட்டதில்லை. விட்டுப்போன பகுதிகளையும் கேட்டுத் தெரிந்துகொள்வாள்.

ஒரு நாள் கண்ணை மூடியபடியே கேட்டாள். "அவன் எப்பக்கா மாறுவான்?"

"மாறுவான் லா! ஹீரோ மாறாம இருப்பானா? அவ மட்டும் கோவிச்சுக்கிட்டுப் பொறந்த வீட்டுக்குப் போயிடாம இருக்கணும். போயிட்டா அப்புறம் கதை எங்க இருக்கு?" என்றேன். நாற்காலியில் காத்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

அடுத்த தடவை வந்தபோது முகத்தில் வழக்கத்தைவிட அதிகமாகப் பவுடர் பூசியிருந்தாள். ஒருத்தியின் முகத்தை எங்களைப் போல இவ்வளவு பக்கத்தில் பார்ப்பவர்கள் குறைவு. நெற்றிப்பொட்டுக்குப் பக்கத்தில், பவுடருக்கு அடியில், பழுத்துப்போன மஞ்சள் நிறத்தில் ஒரு காயம். கேட்டேன். குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், கேட்க எனக்கு நேரமில்லை. டிவியில் அப்போதுதான் நாயகன் கையை ஓங்கியிருந்தான். வலது புருவத்தை முடித்து, நூலை எடுத்துவிட்டு, "விட்டான் பாரு ஒரு அறை! அவ வேற ஒருத்தன் கூடப் பேசினதைத் தாங்க முடியல அவனுக்கு. அந்த அடியில எவ்ளோ பாசம் தெரியுமா?" என்றேன்.

அவள் மூடிய கண்ணிலிருந்து கண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது.

புருவம் எடுக்கும்போது எல்லோருக்கும் கண்ணீர் வரும். அது எங்களுக்குப் பழகிப்போன விஷயம், அதற்கென்றே பக்கத்தில் டிஷ்யூ வைத்திருப்போம். ஒன்றை எடுத்து அவள் கையில் திணித்து, "கொஞ்சம் பொறுத்துக்க, இதோ முடிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டு இடது புருவத்துக்குப் போய்விட்டேன். இருபது வருடமாக எத்தனையோ பேரின் கண்ணீரைத் துடைத்திருக்கிறேன். அவற்றில் எத்தனை நூலால் வந்தது, எத்தனை வேறு எதனால் வந்தது என்று ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை.

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது, கடை திறக்கும் நேரத்துக்கே வந்து நின்றாள். தோளில் ஒரு பை. என்னைத் தனியாக மாடிப்படிக்குக் கூப்பிட்டாள்.

"அக்கா, எங்கூட ஒரு இடத்துக்கு வர்றீங்களா? குடும்பப் பிரச்சினைக்கு உதவுற இடமாம், குடும்பச் சேவை நிலையம்னு சொன்னாங்க. தனியாப் போக பயமா இருக்கு. இங்க எனக்கு வேற யாரையும் தெரியாது."

"ஏன், என்னாச்சு?"

"அவர் கை நீட்டுறாருக்கா."

"எத்தனை நாளா?"

"கல்யாணம் ஆனதுலருந்தே."

அந்த மஞ்சள் காயமும் காதுக்குள் இறங்கிய கண்ணீரும் அப்போதுதான் எனக்கு உறைத்தன. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கண்டிப்பாக வருகிறேன் என்றேன், மனதாரத்தான் சொன்னேன். ஆனால் அது தீபாவளிக் கூட்டம். அதற்குள் நான்கு பேர் வந்து உட்கார்ந்துவிட்டார்கள், முதலாளியம்மா உள்ளிருந்து கூப்பிடுகிறார். "ஒரு மணி நேரம் உட்காரு. இவங்களை முடிச்சிட்டுச் சொல்லிட்டு வந்துடுறேன்" என்று அவளைப் பெஞ்சில் உட்கார வைத்தேன். எதிர்ச் சுவரில் டிவி.

அன்றைக்கென்று பார்த்து, நாயகன் திருந்துகிற பகுதி வந்தது. மாதக்கணக்காக எல்லோரும் காத்திருந்த பகுதி. கோயில் பிராகாரத்தில், ஊரே பார்க்க, மனைவி காலில் விழுந்து கதறுகிறான். அவள் அவனைத் தூக்கி நிறுத்திக் கண்ணீரைத் துடைத்துவிடுகிறாள். முதலாளியம்மா சத்தத்தைக் கூட்டி வைத்தார். கடையில் ஒரு வேலையும் ஓடவில்லை. ஃபேசியல் போட்டிருந்தவர்கள்கூட எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? நூலை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கைதட்டினேன். "நான் அப்பவே சொன்னேன்ல, மாறுவான்னு!" என்று கடைக்கே கேட்கும்படி சொன்னேன். பெஞ்சில் அவள் உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரியும். மறக்கவில்லை. ஆனாலும் சொன்னேன். அதுவும் இதுவும் வேறு என்று எனக்குத் தெரிந்திருந்தது. அவளுக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த பெண்ணின் புருவத்தில் பாதி போய்க்கொண்டிருந்தபோது, கண்ணாடியில் அவள் எழுந்து வருவது தெரிந்தது. முகம் தெளிந்திருந்தது. அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"பரவால்லக்கா, நீங்க வேலையப் பாருங்க. நான் வீட்டுக்கே போறேன். இன்னும் கொஞ்ச நாள் பாக்குறேன்."

என் வாயில் நூல் இருந்தது. நில் என்று கையைக் காட்டினேன். அவள் படியில் இறங்கிவிட்டாள். நூலைத் துப்பிவிட்டு ஓடியிருக்கலாம். அரைப் புருவத்தோடு ஒருத்தி ஐந்து நிமிடம் காத்திருந்தால் உலகம் ஒன்றும் இடிந்து விழுந்திருக்காது. நான் அந்தப் புருவத்தை முடித்தேன். பிறகு கீழே போய்ப் பார்த்தபோது, அலங்கார விளக்குக்கடியில் சனம் முண்டியடித்துக்கொண்டிருந்தது, அவளைக் காணவில்லை. போன் நம்பர்கூட வாங்கி வைத்திருக்கவில்லை. புருவத்துக்கு வந்து போகிறவர்களிடம் நாங்கள் நம்பர் கேட்பதில்லை.

தீபாவளி முடிந்து சில வாரம் கழித்து, அவளுடைய அடுக்குமாடி புளோக்கிலேயே குடியிருக்கும் ஒரு வாடிக்கையாளர் சொல்லித்தான் தெரிந்தது. அவள் மருத்துவமனையில் இருந்தாள். பக்கத்து வீட்டுச் சீன மாது போலீசைக் கூப்பிட்டிருக்கிறார். அவளோடு ஒரு வார்த்தை பேசிப் பழகாதவர். சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட சத்தத்தை அவர் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறார்.

மறுநாளே லீவு போட்டுவிட்டுப் போனேன். தாடையில் கட்டு. இடது காதில் பஞ்சு. நான் பேசியதைக் கேட்க, தலையைத் திருப்பி வலது காதைக் காட்டினாள். செவிப்பறை கிழிந்துவிட்டதாம். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன், பாதியில் அழுகை வந்துவிட்டது. அவள்தான் என்னைத் தேற்றினாள். வாயை முழுசாகத் திறக்க முடியாமல், மெதுவாகப் பேசினாள்.

"உங்களைச் சொல்லி என்னக்கா. நீங்க சொன்ன மாதிரியே ஆச்சு. பையை எடுத்துட்டு வெளிய போனதைத் தெரிஞ்சுக்கிட்டு, அன்னைக்கு சாயங்காலமே அவர் கால்ல விழுந்தாரு. அழுதாரு. நானும் தூக்கி நிறுத்தினேன். எவ்வளவு சந்தோஷமா இருந்தேன் தெரியுமா? தீபாவளிக்குப் புடவையெல்லாம் வாங்கித் தந்தாரு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன ஆகும்னு டிவில காட்டலையேக்கா."

அவள் குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே தெரியாமல் போய்விட்ட ஒரு விஷயத்தைச் சொல்வது போலத்தான் சொன்னாள். எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. தண்ணீர் பிடித்து வருகிறேன் என்று வெளியே போய், லிஃப்ட் பக்கத்தில் நின்று அழுதேன்.

அவளுடைய அண்ணன் ஊரிலிருந்து வந்து, வழக்கு வேலைகள் முடிந்ததும் அழைத்துப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகு எந்தத் தகவலும் இல்லை.

எங்கள் கடையில் டிவி இன்னும் ஓடுகிறது. அந்தச் சீரியல் முடிந்து வேறு ஒன்று வந்திருக்கிறது. நாயகன் வேறு, அடி அதேதான். அணைத்துவிடலாமா என்று முதலாளியம்மாவிடம் ஒரு முறை கேட்டேன். "அது சும்மா கதை லா, ஏன் சீரியஸா எடுத்துக்கிறே" என்றார். அவர் கெட்டவர் இல்லை. மூன்று வருடத்துக்கு முன்பு என்னிடம் கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். நான் கதை சொல்வதை மட்டும் நிறுத்திவிட்டேன். பழைய வாடிக்கையாளர்கள், உனக்கு வயசாகிவிட்டது, முன்பு போலக் கலகலப்பு இல்லை என்கிறார்கள்.

சென்ற மாதம் உயர்நிலைப்பள்ளிச் சீருடையில் ஒரு பெண் வந்தாள். படுத்தபடியே, "அவன் அடிச்சாலும் அவளை எவ்ளோ லவ் பண்றான் பாருங்க ஆன்ட்டி, ஸோ ஸ்வீட்" என்றாள். நூலைக் கீழே வைத்தேன். ஒரு புருவம் பாக்கி இருந்தது. பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பேர் ஊர் சொல்லாமல், இந்தக் கதையை முழுசாகச் சொன்னேன். பின்னால் காத்திருந்த இருவர் எரிச்சலில் எழுந்து போய்விட்டார்கள். முதலாளியம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அந்தப் பெண் என்ன நினைத்தாள் என்று தெரியவில்லை.

எங்கோ யாரோ எழுதி, யாரோ நடித்ததை மட்டும் பார்த்திருந்தால் அவள் ஒருவேளை நம்பியிருக்க மாட்டாள். இந்த ஊரில் அவளுக்கென்று இருந்த ஒரே அக்கா சொன்னதால்தான் நம்பி வீட்டுக்குத் திரும்பிப் போனாள் என்பதை நினைத்தால், இன்றும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.