உவைலா அக்காவின் ஃப்ரீசர்

உவைலா அக்காவைப் பார்த்திராதவர்கள்கூட அவள் குரலைக் கேட்டிருப்பார்கள். காலையில் நடையில் நின்று ஜெனரேட்டரின் கயிற்றை இழுப்பாள். அது கிளம்பாது. அதன் தாயையும் தகப்பனையும் இழுத்து ஒரு திட்டுத் திட்டுவாள். பிறகு கிளம்பும். பெனின் சிட்டியில் எங்கள் உசெலுப் பக்கம் சேவல் கூவுவதைவிட இந்தச் சத்தம்தான் அதிகம். என் அறை அவள் அறைக்கு எதிரே. தலை பின்னுவது என் பிழைப்பு. நாள் முழுக்க வாசலில் உட்கார்ந்து ஊரார் தலையைப் பிடித்துக்கொண்டிருப்பவளுக்கு எதிர் அறை விஷயம் தெரியாமல் போகுமா?

அவள் ஐஸ் மீன் விற்றாள். குளிர்கிடங்கிலிருந்து அட்டைப்பெட்டியாக அயிலை வாங்கி வந்து ஃப்ரீசரில் போட்டு, கேட்டவர்களுக்குக் கேட்ட அளவு பிரித்துக் கொடுப்பாள். எடையில் கறார். கொசுறு கேட்டால் வாயாலேயே கொடுத்து அனுப்புவாள். அறையில் பாதியை அந்த ஃப்ரீசர் அடைத்துக்கொண்டிருந்தது. மீதிப் பாதியில் அவளும் அவள் கணவர் ஒமோருயி அண்ணனும் இருந்தார்கள். குழந்தை குட்டி கிடையாது.

அண்ணன் லாரி ஓட்டியவர். இங்கிருந்து பலகை ஏற்றிக்கொண்டு வடக்கே போய் வெங்காயம் ஏற்றி வருவார். பக்கவாதம் வந்து வலது பக்கத்தைக் கொண்டுபோய்விட்டது. பேச்சு குழறியது. அறிவு மட்டும் கொஞ்சமும் மங்கவில்லை, அதுதான் கொடுமை. சும்மா உட்கார்ந்து சோறு தின்கிறோமே என்று குமைந்துகொண்டிருந்த மனுஷனுக்கு அக்கா ஒரு வேலை கொடுத்தாள். நடைச் சுவரில் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இருந்தது. லீவரை மேலே தூக்கினால் தெருக் கரண்ட், கீழே தள்ளினால் ஜெனரேட்டர். அதன் அடியில் ஒரு நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்தாள். இடது கையால் அதை இயக்குவது அவர் பொறுப்பு. வேறு யாராவது அதில் கை வைத்தால் அன்றைக்கு அவர் சாப்பிடமாட்டார். அக்காகூடத் தொடமாட்டாள். இப்படித் தூக்குங்கள், அப்படித் தள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவும் மாட்டாள். லாரியையே மலைப்பாதையில் ஓட்டியவருக்கு இதைப் போய்ச் சொல்லித் தருவதா என்பாள்.

தெரு டிரான்ஸ்ஃபார்மர் வெடித்த பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது. வழக்கம்போலத் தெருக்காரர்களே சேர்ந்து சரிசெய்வது என்று முடிவானது. வழக்கம்போல அது இழுத்துக்கொண்டே போனது. அதுவரை ஜெனரேட்டர்தான் கதி. அக்காவிடம் இருந்தது ஆகச் சின்ன ரகம். பக்கத்து வீட்டானுக்கு நான் மேல் என்று அதற்கு ஊரில் பட்டப்பெயர். விளக்கே இல்லாதவனைவிட ஒரு படி மேல், அவ்வளவுதான் அதன் தகுதி. பல்பு எரியும், ஃபேன் சுற்றும். ஃப்ரீசரைப் போட்டால் மட்டும் பல்பு செத்துப்போய், ஜெனரேட்டர் தொண்டை அடைத்தது போல இருமும். ஃப்ரீசர் கொஞ்ச நேரம் உறுமிவிட்டு 'டிக்' என்று அடங்கிவிடும்.

இந்தச் சமயம் பார்த்து அண்ணனின் மூத்தவர் இயாமு, எஹோர் என்ற தங்கள் கிராமத்திலிருந்து வந்தார். தம்பியைத் தன்னோடு அனுப்பச் சொன்னார். கெட்ட மனுஷன் இல்லை. சோற்றுக்கும் தோட்டத்துக்கும் அங்கே குறைவில்லை, தன் மனைவி பார்த்துக்கொள்வாள் என்றார். ஆனால் இங்கே ஒரு பெண் வாரா வாரம் வந்து அண்ணனின் கை காலை நீவிப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். கால் கட்டைவிரல் அசைய ஆரம்பித்திருந்தது. எஹோரில் அதற்கு ஆள் இல்லை. படுக்கையில் போட்டால் போட்டதுதான்.

அக்காவுக்கு நாக்கில் சனி. பார்த்துப் பேசத் தெரியாமல், "என் ஃப்ரீசர் ஓடுற வரைக்கும் என் புருஷன் என்கிட்டதான் இருப்பாரு, மாமா. அது நின்னா வந்து கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டாள். இயாமு தலையாட்டினார். மாதக் கடைசியில் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். சொன்ன சொல்லைப் பிடித்துக்கொள்வது அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் உள்ள வியாதி.

ஓடாத ஃப்ரீசரை வைத்துக்கொண்டு அவள் பட்ட பாட்டை நான் பார்த்தேன். முதலில் பல்பையும் ஃபேனையும் அணைத்துவிட்டு ஃப்ரீசரை மட்டும் போட்டாள். உறுமல், டிக். ஜெனரேட்டர் சூடேறட்டும் என்று காத்திருந்து போட்டாள். உறுமல், டிக். ஒயர் ஒல்லியாக இருந்தால் கரண்ட் வழியிலேயே இளைத்துப்போகும் என்று யாரோ சொல்ல, தடித்த ஒயர் வாங்கி மாட்டினாள். அதற்கும் அதே பதில்தான். எங்கள் பாதிரியார் வந்து ஃப்ரீசரின் மேல் கை வைத்து ஜெபித்தார். அன்று டிக் என்றுகூடச் சொல்லவில்லை. அது கடவுளின் செயலா என்று அவரையே கேட்டேன். முறைத்துவிட்டுப் போனார்.

கடைசியில் எலக்ட்ரீஷியன் காட்ஸ்பவரைக் கூட்டி வந்தாள். நாற்பது தாண்டிய ஆள், என்ன சொன்னாலும் சிரிப்பான். இவனுக்குப் பவரெல்லாம் பெயரில்தான் என்று நான் சீண்டுவது வழக்கம். ஃப்ரீசருக்கு முன்னால் இருந்த ஸ்டெபிலைசரைத் தட்டிப் பார்த்தான். தெருக் கரண்ட் ஏறி இறங்கினால் தாங்கிக்கொள்வதற்காக எல்லா வீட்டிலும் இருக்கும் பெட்டிதான் அது.

"குட்டி ஜெனரேட்டர் போடுற சோறே கொஞ்சம். அதுல பாதிய இந்தப் பொட்டி தின்னுது, மிச்சத்த கொறைச்சல்னு சொல்லி கட் பண்ணுது" என்றான். ஸ்டெபிலைசரைக் கழற்றினான். ஃப்ரீசரை நேராகச் சுவரில் சொருகினான். ஜெனரேட்டரில் ஒரு திருகை முறுக்கி வேகத்தைக் கொஞ்சம் ஏற்றினான். அக்கா கயிற்றை இழுக்க, அண்ணன் லீவரைத் தள்ளினார். ஜெனரேட்டர் திணறியது, அடங்குவது போலப் போய்ச் சமாளித்தது. ஃப்ரீசர் ஓடியது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அண்ணன் இடது கையால் தொடையில் தட்டிக்கொண்டே இருந்தார்.

போகும்போது காட்ஸ்பவர் வாசலில் நின்று அவளிடம் சொன்னான். "தெருக் கரண்ட் வந்தா உடனே மாத்திடாதீங்க அக்கா. பொட்டிய மாட்டிட்டு அப்புறம் மாத்தணும். அண்ணன்கிட்டயும் சொல்லிடுங்க." நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அக்கா சரி என்றாள்.

அண்ணனிடம் அவள் சொல்லவில்லை. அந்த ஒரு வேலையிலும் அவருக்குப் பாடம் நடத்த அவளுக்கு மனசு வரவில்லை. கரண்ட் வரும்போது தான் வீட்டில் இருந்து பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கிறாள். வாரக்கணக்காக வராத கரண்ட் இவளைக் கேட்டுக்கொண்டா வரும்?

அவள் பெட்டி பெட்டியாக மீன் வாங்கி ஃப்ரீசரை நிரப்பிய மறுநாள் அது வந்தது. அக்கா பெட்ரோல் வாங்கப் போயிருந்தாள். நான் ஒரு கல்யாணப் பெண்ணின் தலையைப் பின்னிக்கொண்டிருந்தேன். தெருக்கோடியிலிருந்து கூச்சல் கிளம்பியது. டிரான்ஸ்ஃபார்மரைச் சரிசெய்துவிட்டார்கள். பிள்ளைகள் ஆட்டம் போட்டார்கள், பெரியவர்களும்தான். கரண்ட் வந்தால் எங்கள் ஊரில் வயது மறந்துபோகும். அண்ணன் நாற்காலியில் நிமிர்ந்தார். எத்தனையோ நாளாக அந்த லீவரை அவர் மேலே தூக்கவேயில்லை. இடது கையை நீட்டி, வாய் நிறையச் சிரிப்போடு தூக்கினார்.

அதே சமயம் என் அறையில் பல்பு கண் கூசும் வெளிச்சத்தில் எரிந்து பட்டென்று வெடித்தது. அடுத்தடுத்த அறைகளில் ஸ்டெபிலைசர்கள் கத்திக் கத்தி அணைந்தன. சரிசெய்தவன் எதை எதோடு சேர்த்தானோ, கரண்ட் இருமடங்காக வந்திருக்கிறது. அக்கா அறையிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் கதவிடுக்கு வழியாகக் கருகிய வாடைதான் வந்தது. நான் ஓடிப்போய் லீவரை இறக்கினேன். அண்ணன் என்னைத் தடுக்கவில்லை.

காட்ஸ்பவர் வந்து பார்த்துவிட்டு, கம்ப்ரஸர் போய்விட்டது, இனி இதைப் பழைய இரும்பு வண்டிக்காரனுக்குத்தான் போட வேண்டும் என்றான். அக்கா தெருவே கேட்க அவனைப் பிடித்துக்கொண்டாள். கழற்றச் சொன்னது யார், வேலை தெரியாதவன் எதற்குக் கை வைத்தாய் என்று வாய்க்கு வந்தபடி திட்டினாள். அவன் அவளைப் பார்த்தான், நாற்காலியில் இருந்தவரைப் பார்த்தான். என் தப்புதான் அக்கா என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு நடந்தான். அவனை நான் அதற்குப் பிறகு சீண்டியதில்லை.

அத்தனை மீனையும் அன்றே கழுவி, தகர டிரம்மை வெட்டி அடுப்பாக்கி, நானும் அவளும் புகை போட்டோம். பாதி தேறியது. பாதி நாறியது. அண்ணன் சேஞ்ச் ஓவர் பக்கம் போகாமல் கட்டிலில் கிடந்தார். பயிற்சிப் பெண் வந்தால் கையை இழுத்துக்கொண்டார்.

மாதக் கடைசியில் இயாமு காரோடு வந்தார். ஃப்ரீசர் இருந்த இடம் காலியாக இருந்ததைப் பார்த்து அவரே சங்கடப்பட்டார். இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமே என்றுகூடச் சொன்னார். அப்போது அண்ணன், தானே எஹோருக்குப் போக விரும்புவதாகச் சொன்னார். இந்தப் புகையும் இவள் சமையலும் அலுத்துவிட்டதாம். குழறிக் குழறி அதைச் சொல்லி முடித்தார். அக்கா அவர் துணிகளை மடித்து வைத்தாள்.

அன்றைக்கும் கரண்ட் இல்லை. வளவு முழுக்க ஜெனரேட்டர்கள் ஓடிக்கொண்டிருந்தன. அண்ணனைத் தூக்கிக் காரில் உட்கார வைத்தோம். அவள் குனிந்து அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"காட்ஸ்பவர திட்டாத. லீவர தூக்குனது நான்."

இயாமு வண்டியை எடுத்துவிட்டார். வண்டி நகர்ந்த பிறகுதான் அவளுக்குக் குரல் வந்தது. கூடவே ஓடி, "சொல்லாம விட்டது நான்! உங்ககிட்ட சொல்லாம விட்டது நான்தாங்க!" என்று கத்தினாள். கார் முனை திரும்பிவிட்டது.

அடுத்த மழைக்காலத்துக்குள் அண்ணன் எஹோரிலேயே கண்ணை மூடிவிட்டார். அக்கா நடுவில் இரண்டு முறை போய்ப் பார்த்தாள். அதற்குள் அவருக்குப் பேச்சும் நின்று, ஆள் அடையாளமும் தெரியாமல் போயிருந்தது. இப்போது புகை மீன் விற்கிறாள். கண் எப்போதும் சிவந்திருக்கும், கேட்டால் புகை என்பாள். அவ்வப்போது என் வாசலில் வந்து உட்கார்ந்து, "ஈசோகென், அன்னைக்கு அவரு காதுல விழுந்துச்சா?" என்று கேட்பாள். அத்தனை ஜெனரேட்டர் சத்தத்தில், பக்கத்தில் நின்ற எனக்கே அவள் கத்தியது பாதிதான் கேட்டது. விழுந்தது அக்கா, திரும்பிப் பார்த்தாரே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.