மைக்கில் ஏறாத பாதை

என் ஆம்ப்ளிஃபயரில் ஒரே ஒரு குமிழ் மட்டும் மொழுமொழுவென்று தேய்ந்திருக்கிறது. பாட்டுப் போட்டுத் தேய்ந்ததல்ல. கிராமசபையில் ஓர் அக்காவின் வாயை அடைத்து அடைத்தே தேய்ந்தது.

நன்னிலம் பக்கம் எங்கள் ஊருக்கு நான்தான் மைக்செட். கிராமசபையில் ஒரு வழக்கம் இருந்தது. மைக்கில் பேசியதைத்தான் கிளார்க் தீர்மான நோட்டில் எழுதுவார். யார் போட்ட சட்டமோ தெரியாது. தலைவர் மேசைக்கடியில் செருப்பைத் தரையில் தேய்த்தால் நான் சத்தத்தைக் குறைத்துவிட வேண்டும். சமூகநீதி பற்றி அரை மணி நேரம் முழங்கியவரின் செருப்புதான் அது. ஆட்சி மாறினால் அவர் துண்டின் கரை மாறும். செருப்பு மாறாது.

அந்த அக்கா, வாய்க்காலுக்கு அக்கரைத் தெரு. நடவுக்கு ஆள் கூட்டி வருபவர். அந்தத் தெருவிலிருந்து சுடுகாட்டுக்குப் பாதை கிடையாது. நடுவில் தலைவர் வயல். மழைக்காலத்தில் பிணத்தோடு தொடையளவு சேற்றில் இறங்க வேண்டும். ஒவ்வொரு கூட்டத்திலும் அக்கா எழுந்து மைக்கைப் பிடித்து இதைத்தான் கேட்பார்.

“ஏங்க தலைவரே, உசுரோட இருக்கறப்பதான் உங்க சேத்துல நிக்கிறோம். செத்தப்புறமுமா?”

கூட்டம் சிரிக்கும். செருப்பு தேயும். நான் குமிழைத் திருப்புவேன்.

“மைக்கு கெட்டுப்போச்சு, ஒக்காரு” என்பார் தலைவர்.

“ஏந் தம்பி, எங்க தெருவுன்னா மட்டும் ஒங்க மைக்குக்குத் தொண்டை கட்டிக்குமா?” என்று அக்கா என்னைக் கேட்பார்.

நான் ஒயரை ஆராய்வதுபோல் குனிந்துகொள்வேன். என் வீரம் மொத்தமும் இரண்டு விரலுக்குள் அடங்கிவிடும்.

போன ஐப்பசி மழையில் அக்கா போய்விட்டார். பாடைக்கு நானும் தோள் கொடுத்தேன். பாதி வயலில் வழுக்கி விழுந்தேன், பாடை சாய்ந்தது. யாரும் திட்டவில்லை. அக்காவின் மகள் மட்டும், “எந்திரிங்கண்ணே. பயிரு மிதிபட்டா நம்ம மேல கேஸ் கொடுப்பாங்க” என்றாள்.

அடுத்த கூட்டத்தில் தலைவர் இரங்கல் தீர்மானம் வாசித்தார். ‘ஊருக்காக உழைத்தவர்’ என்றார். மைக் கணீரென்றிருந்தது. கிளார்க் ஓர் எழுத்து விடாமல் எழுதினார். அக்கா இத்தனை வருடம் கேட்ட பாதைக்கு ஒரு வரிகூட இடம் தராத நோட்டு, அவர் செத்ததை மட்டும் உடனே ஏற்றுக்கொண்டது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் நேராகப் போய் மைக்கைப் பிடுங்கினேன்.

“அக்கரைத் தெருவுக்குச் சுடுகாட்டுப் பாதை வேணும். தலைவர் வயல் வழியா. எழுதுங்க சார்.”

மேசைக்கடியில் செருப்பு தேய்ந்தது. தேய்ந்துகொண்டே இருந்தது. குமிழ் பக்கத்தில் ஆளில்லை.