என் அண்ணனைப் பார்த்துக்கொள்ள வந்தவள்

அண்ணனுக்கு ஈரல் கெட்டு வயிறு வீங்கிப் படுக்கையில் விழுந்தபோது, அவரைத் தூக்கி உட்காரவைக்கக்கூட ஆள் கிடைக்கவில்லை. அண்ணி முன்பே இறந்துபோயிருந்தார். பிள்ளைகள் இல்லை. எங்கள் வீட்டு முன்னறையில் கட்டில் போட்டு நான்தான் பார்த்துக்கொண்டேன். வருஷக்கணக்காகத் தையல் மிஷினில் உட்கார்ந்து என் இடுப்பு ஏற்கெனவே போயிருந்தது. கூடலூரில் வீட்டோடு வந்து நோயாளியைப் பார்க்கிற பெண்கள் சிலர் உண்டு. கேட்டுப் பார்த்தேன். அண்ணன் பெயரைச் சொன்னதும் ஒவ்வொருத்தியும் ஒரு காரணம் சொன்னாள். குடித்துவிட்டு அவர் பேசிய பேச்சு ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

ஒருநாள் காலையில் வாசலில் ஒருத்தி வந்து நின்றாள். ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டேன், நான் வருகிறேன் என்றாள். அவளை எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் உள்ளே வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அண்ணன் ஒரு ஓனரிடம் ஜீப் ஓட்டியவர். விடியுமுன்னே கூடலூரில் ஆட்களை ஏற்றிக்கொண்டு குமுளி தாண்டி ஏலத்தோட்டங்களில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்ப ஏற்றிவருவார். ஒருநாள் மலைப்பாதை வளைவில் வண்டி கவிழ்ந்தது. பலருக்கும் அடி. ஒரு பெண் மட்டும் அங்கேயே செத்துப்போனாள். வாசலில் நின்றவள் அந்தப் பெண்ணின் தங்கை.

பிரேக் பிடிக்கவில்லை என்று அண்ணன் போலீசில் சொன்னார். அந்தப் பெண் பின்படியில் தொங்கிக்கொண்டு வந்தாள், எத்தனை சொல்லியும் உள்ளே வரவில்லை, அதனால்தான் விழுந்தாள் என்றும் சொன்னார். கேஸ் இழுத்துக்கொண்டே போய் ஒன்றுமில்லாமல் முடிந்தது. செத்தவளுக்கு ஒரு பெண் குழந்தை. தகப்பன் வேறொருத்தியோடு போய்விட்டதால் சித்திதான் அதை வளர்த்தாள். அதற்காகவே தனக்கென்று ஒரு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அந்தக் குழந்தை வளர்ந்து ஓடைப்பட்டியில் திராட்சை போடுகிற குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போயிருந்தது.

“ஏத்தா, இது யாரு வீடுன்னு தெரிஞ்சுதான் வந்தியா?” என்று கேட்டேன்.

“தெரியும்க்கா. கூலிக்குத்தான் வர்றேன். முட்டி போனதுலருந்து மலைக்குப் போக முடியல.”

அண்ணன் அவளைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். முதலில் அவள் கையால் கஞ்சி குடிக்கமாட்டேன் என்றார். பயந்தார் என்றுதான் நினைக்கிறேன். அவள் கிண்ணத்தை என்னிடம் கொடுத்துவிட்டு அழுக்குத் துணியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விடுவாள். வேலையில் குறை சொல்ல முடியாது. புண் வராமல் திருப்பிப் படுக்கவைத்தாள், வெந்நீரில் துடைத்தாள், நகம் வெட்டினாள். ஆனால் ஊரில் எல்லாரையும் போல அவரை ‘அண்ணே’ என்று ஒருமுறைகூட அவள் கூப்பிடவில்லை. ‘திரும்புங்க’, ‘வாயத் தெறங்க’ என்பதோடு சரி. போகப்போக அண்ணன் அவள் கையாலேயே சாப்பிட்டார். வேறு வழியில்லை.

வைத்தியர் கைவிரித்த பிறகு எங்கள் மாதா கோயில் பங்குச் சாமியாரை அழைத்துவந்தேன். அண்ணன் கோயிலுக்குப் போய் எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. அண்ணன் தன் பாவங்களைச் சொல்ல வேண்டும், பாவசங்கீர்த்தனம் தனியாகத்தான் கேட்க வேண்டும் என்று சாமியார் எங்களை வெளியே போகச் சொன்னார். நானும் அவளும் துணி காய்கிற கொடியடியில் நின்றோம். உள்ளேயிருந்து அண்ணன் அழுகிற சத்தம் கேட்டது. எங்கள் அம்மா செத்தபோதுகூட அழாத மனுஷன். கொஞ்ச நேரத்தில் சாமியார் கூப்பிட்டார். நெற்றியிலும் கையிலும் எண்ணெய் பூசி, நற்கருணை அப்பத்தை நாக்கில் வைத்து நன்மை கொடுத்தார். அண்ணன் முகம் தெளிந்திருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. என் அண்ணன் நரகத்துக்குப் போய்விடுவாரோ என்று பயந்து செபமாலை சொன்னவள் நான்.

போகும்போது சாமியார் அவளைப் பார்த்துக் கைகூப்பினார். பெரிய மனசும்மா உங்களுக்கு என்றார். அவள் கொடியிலிருந்து காய்ந்த துணிகளை எடுத்தாள்.

அவர் போனபின் என்னிடம் கேட்டாள்: “உள்ள என்ன சொன்னாகக்கா?”

சாமியார் அதை யாரிடமும் சொல்லக்கூடாது, அது கடவுளுக்கும் அவருக்கும் உள்ளது, சொன்ன பாவத்தை ஆண்டவர் மன்னித்துவிடுவார் என்று விளக்கினேன்.

“அப்ப அது அங்கனயே முடிஞ்சுபோச்சா?” என்றாள். துணியை மடித்துக்கொண்டே மேலும் சொன்னாள். “எங்கக்காவுக்கு வளைவுல தலை சுத்தும்க்கா. எப்பவும் நடுவுல உக்காந்து கண்ண மூடிக்கிரும். படியில நிக்கிற ஆளே இல்ல.”

அன்றைக்குத்தான் அவள் கூலிக்கு மட்டும் வரவில்லை என்று எனக்குப் புரிந்தது.

அதற்குப் பின் ஒரு மத்தியானம், கஞ்சி ஊட்டி வாயைத் துடைக்கும்போது அவள் அண்ணனிடம் நேராகக் கேட்டாள். “சாமியாருகிட்டச் சொன்னீகள்ல. அத எங்கிட்டயும் சொல்லுங்க.”

நான் மிஷினை நிறுத்தினேன். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்றே நினைத்தேன். பிறகு மூடிய கண்ணோடு பேசினார்.

“ஒங்கக்கா உள்ளதான் உக்காந்திருந்துச்சு. பிரேக்கெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. நாந்தான் குடிச்சிருந்தேன். மெதுவாப் போங்கண்ணேன்னு ரெண்டு தடவ சொல்லுச்சு.”

அவள் துண்டைப் பிழிந்து அவர் கழுத்தைத் துடைத்தாள். கை நிற்கவில்லை. துடைத்து முடித்தபின், “இத எம்மகளுக்குச் சொல்லணும்” என்றாள். அண்ணன் தலையசைத்தார்.

மறுநாள் ஓடைப்பட்டியிலிருந்து அவள் வளர்த்த அக்கா மகள் வந்தாள். கையில் போனைத் தயாராக வைத்திருந்தாள். மாமியார் வீட்டில் ஒவ்வொரு சண்டையிலும், படியில் தொங்கி ஆட்டம் போட்டுச் செத்தவள் மகள்தானே நீ என்ற பேச்சு வருமாம். அதனால் அவர் குரலிலேயே வேண்டும் என்று கேட்டாள். ஆனால் அன்று விடியற்காலையிலேயே அண்ணனுக்கு நினைவு தப்பிவிட்டது. கண் திறந்திருந்தது, பார்வை இல்லை. அந்தப் பெண் போனை அவர் வாயருகே பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். மூச்சிரைப்பு மட்டும்தான் பதிவானது. சித்தி வந்து போனை வாங்கி அணைத்தாள். அண்ணனுக்கு நினைவு திரும்பவே இல்லை. சனிக்கிழமை இறந்துபோனார். அதுவரை அவள் திருப்பிப் படுக்கவைப்பதையோ துடைப்பதையோ விடவில்லை.

அடக்கப் பூசையில் சாமியார் பிரசங்கம் வைத்தார். காணாமற்போன ஆடு திரும்பக் கிடைத்த கதையைச் சொல்லிவிட்டு, இந்த மனிதர் திரும்பிவரக் காரணம் ஒரு இந்து சகோதரி என்றார். தன் அக்காவின் மரணத்துக்குக் காரணமான வண்டியை ஓட்டியவரை அந்தச் சகோதரி முழுமனதாய் மன்னித்து, தாயைப் போலப் பணிவிடை செய்தார் என்றார். கோயிலில் பலர் கண்ணைத் துடைத்தார்கள். அவள் வெளியே கேட்டருகே நின்றிருந்தாள். ஒலிபெருக்கியில் எல்லாம் கேட்டிருக்கும்.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது என் பக்கத்தில் வந்தாள். “மன்னிச்சேன்னு நான் எப்பக்கா சொன்னேன்?” என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல் கேட்பதுபோல் இருந்தது.

மறுநாள் சாமியாரிடம் போய் இதைச் சொன்னேன். அவர் சங்கடப்பட்டார். மன்னிக்காமல் எப்படி அவ்வளவு செய்ய முடியும் என்று கேட்டார். கூலிக்கு வந்தது சாமி, உண்மை தெரியணும்னு வந்தது என்றேன். அண்ணன் எங்களிடம் சொன்னதையும் சொன்னேன். அதைப் பற்றி நான் எதுவும் பேச முடியாதம்மா என்று தலைகுனிந்துகொண்டார். அவர் பேச முடியாதென்றால் நான்தான் பேச வேண்டும்.

ஓடைப்பட்டிக்குப் போய் அந்த மாமியாரிடம் நேரில் சொன்னேன். அந்தம்மா காபி கொடுத்து, கேட்டுவிட்டு, செத்தவுகளைப் பத்தி இனி எதுக்குப் பேச்சு என்றார். மருமகள் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

அடுத்து ஜீப் ஸ்டாண்டுக்குப் போனேன். படியில் தொங்கிய பெண் என்ற கதை இன்னும் அங்கேதான் ஓடிக்கொண்டிருந்தது. டிரைவர்கள் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் சொன்னதை அப்படியே சொன்னேன். யாரும் ஆச்சரியப்படவில்லை. அண்ணனோடு வண்டி ஓட்டிய வயசான ஒருவர்தான் வாய் திறந்தார்.

“எங்களுக்குத் தெரியும்மா. வண்டியில இருந்தவுகளுக்கும் தெரியும். ஓனரு, பிரேக்கு, படின்னே சொல்லுங்கன்னாரு. மறுநாளு அதே ஓனரு ஜீப்புலதான எல்லாரும் மலையேறணும்.”

பழனிசெட்டிபட்டியில் படுக்கையாய்க் கிடக்கிற ஒருவரைப் பார்த்துக்கொள்ள அவள் கிளம்பிக்கொண்டிருந்தாள். பஸ் ஸ்டாண்டில் பையோடு உட்கார்ந்திருந்தவளிடம் போய், டிரைவர்களுக்கெல்லாம் முன்பே தெரியுமாம் என்று சொன்னேன். யார் சொன்னது என்று கேட்டாள். அந்த வயசான டிரைவர் பெயரைச் சொன்னேன்.

“அவுகளுமா?” என்றாள். “அவுக மக கல்யாணத்துல நான் பந்தி பரிமாறினேன்க்கா. எங்கக்காவப் பத்தி அவ்வளவு வருத்தமாப் பேசுனாக.”

தேனி பஸ் வந்தது. முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். பையை நான் எடுத்துக் கொடுத்தேன். ஜன்னலோரம் இடம் இருந்தும் உள்பக்கமாகப் போய் உட்கார்ந்தாள். அங்கே இருப்பவரால் எழுந்து நடமாட முடியாதாம், எப்போது திரும்பி வருவாள் என்று தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை.