கெர்கோ தம்மன் வீட்டு வைஃபை

கெர்கோ தம்மன் லேர் நகரில் பள்ளிப் பேருந்து ஓட்டினார். வீட்டுக் கணினியில் கட்டற்ற மென்பொருளைத் தவிர வேறெதையும் ஏற்றாதவர் என்று ஊரில் பெயர். உள்ளே என்ன எழுதியிருக்கிறதென்று யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், பிரதி எடுத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம் என்றிருந்தால்தான் ஒரு நிரல் அவர் வீட்டு வாசலைத் தாண்டும். வைஃபை சில்லுக்குத் தேவையான சின்ன நிரலைத் தயாரித்தவர்கள் மூடி வைத்திருந்தார்கள். அதனால் வைஃபையே வேண்டாமென்று விட்டுவிட்டார். இணையத்துக்காக மாடிப்படி நெடுக ஒரு நீலக் கம்பி ஓடியது. அவர் மனைவி ஹில்கே வருஷக்கணக்காக அதைத் தாண்டித் தாண்டி நடந்தார்.

நான் நகர நூலகத்தில் வேலை பார்த்தேன். மாதத்தின் முதல் சனிக்கிழமை பின்னறையைத் திறந்து தேநீர் போடுவது என் பொறுப்பு. அங்கேதான் கெர்கோ தன் சங்கத்தை நடத்தினார். பழைய கணினியைத் தூக்கி வருகிறவர்களுக்குக் காசு வாங்காமல் கட்டற்ற இயங்குதளம் ஏற்றிக் கொடுப்பார். அதற்கு முன் ஒரு பிரசங்கம் கேட்டாக வேண்டும். பாதிப் பேர் அதன் நடுவிலேயே கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். குழாய் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒன்னோவும் இன்னும் சிலரும்தான் மிஞ்சினார்கள். அவர்களுக்கு கெர்கோ சொன்னதே முடிவு. அதுவே அவருக்குப் போதுமாக இருந்தது.

அப்போதுதான் பக்கத்து நகரமான எம்டனிலிருந்து ஸ்வான்ட்யே உப்பன் குடிவந்தார். பிரசவம் பார்த்து ஓய்வுபெற்றவர். அவரும் கட்டற்ற மென்பொருள்தான் ஏற்றினார், ஆனால் பிரசங்கம் கிடையாது. கணினியைப் பிரிப்பதற்குள் எதிரே இருப்பவரின் குடும்பக் கதை முழுவதும் அவருக்குத் தெரிந்துவிடும். சில மாதங்களில் அறையில் நாற்காலி போதவில்லை. வருகிறவர்கள் கெர்கோவுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு நேராக ஸ்வான்ட்யே மேசைக்குப் போனார்கள்.

எங்கள் ஊரில் தேநீர்க் கோப்பையின் அடியில் கிடக்கும் கற்கண்டை யாரும் கலக்க மாட்டோம், அது தானாகக் கரைய வேண்டும். அந்த மேசைக் கூட்டத்தைப் பார்த்தபடி கெர்கோ கரண்டியைப் போட்டுக் கலக்கு கலக்கென்று கலக்கினார்.

ஒரு நாள் வேலை முடிந்து வந்தவர், தோட்டத்துக் கோடியில் பெஞ்சின்மேல் ஹில்கே மடிக்கணினியோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். கம்பி எதுவும் இல்லை. யார் செய்து கொடுத்தது என்றார். ஸ்வான்ட்யே என்றார் ஹில்கே.

"என்கிட்ட கேட்டிருக்கலாமே."

"கேட்டேனே. வருஷா வருஷம் கேட்டேன். நீ வருஷா வருஷம் விளக்கம் குடுத்த."

ஊரார் போனால் போகட்டும், சொந்த மனைவியுமா என்று பொருமினார் கெர்கோ. அன்றே அந்தக் கணினியைத் துருவிப் பார்த்தார். சந்தேகப்பட்டபடியே அந்த மூடிய நிரல் உள்ளே உட்கார்ந்திருந்தது. அவ்வளவு எரிச்சலுக்கு நடுவிலும் அவருக்குச் சந்தோஷமாக இருந்ததாம். ஹில்கேதான் பிறகு என்னிடம் சொன்னார்.

அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று, ஸ்வான்ட்யே ஏற்றித் தரும் கணினிகளில் மூடிய நிரல் இருக்கிறது, நானே கண்ணால் பார்த்தேன் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். ஸ்வான்ட்யே திருகாணியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"ஆமா, இருக்கு. ஏத்தறதுக்கு முன்னாடியே ஹில்கேகிட்ட சொன்னேன். பரவாயில்ல, தோட்டத்துல உக்காந்து படிக்கணும்னாங்க."

"கெர்கோ, உனக்கு எரியறது அந்த நிரலாலயா, இல்ல அவங்க மேசைக் கூட்டத்தாலயா?" என்றார் ஒன்னோ.

எல்லோரும் சிரித்தார்கள். கெர்கோ தன் கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பிறகு கொஞ்ச காலம் வரவில்லை, முதுகுவலி என்று சொல்லியனுப்பினார். ஆனால் சனிக்கிழமைகளில் எதிர்ச்சாரி ரொட்டிக்கடையருகே நின்று எங்கள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பார். மற்ற நாட்களில் வலையில் தேடோ தேடென்று தேடினார். கடைசியில் கட்டை விரல் அளவு வைஃபை குச்சி ஒன்று அகப்பட்டது. பழைய மாடல். அதன் உள் நிரல்கூடத் திறந்ததுதான். அதை வாங்கி ஹில்கேயின் கணினியில் செருகி, ஸ்வான்ட்யே ஏற்றியதைக் கழற்றி எறிந்தார். ஆனால் சமிக்ஞை தோட்டத்து நடுவிலிருந்த பேரிக்காய் மரம் வரைக்கும்தான் வந்தது, பெஞ்சுக்கு எட்டவில்லை. ஸ்வான்ட்யே வைத்தது எட்டியதே என்று மனைவி சொல்லிவிடுவாளோ என்று பயந்து நின்றார்.

"பெஞ்ச இந்தப் பக்கம் இழுத்துப் போடு," என்றார் ஹில்கே. அத்தனை கனமான பெஞ்சை கெர்கோ தனியாளாக இழுத்தார்.

விஷயம் ஸ்வான்ட்யே காதுக்குப் போனது. அந்தக் குச்சி எங்கே கிடைத்தது என்று தொலைபேசியில் கேட்டார். மறந்துவிட்டது என்று கெர்கோ பச்சையாகப் பொய் சொன்னார். ஸ்வான்ட்யே தானே தேடிப் பிடித்து ஒரு பிடி குச்சிகள் வாங்கி வந்தார். இது கெர்கோ கண்டுபிடித்தது என்று சொல்லிச் சொல்லியே ஒவ்வொருவருக்கும் கொடுத்தார். கேட்டால் குளிர்ந்துபோவார் என்று நினைத்து அதை நான் கெர்கோவிடம் சொன்னேன். அவர் முகம் இன்னும் கறுத்தது.

"என் பேர அவங்க எதுக்குச் சொல்லணும்?"

"நீங்கதான் வர்றதில்லையே. வேற யாரு சொல்வா?"

அடுத்த சனிக்கிழமை, நான் கதவைத் திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றார். அன்றிலிருந்து அறையில் இரண்டு மேசைகள். பொறாமை ஒன்றும் போகவில்லை, ஸ்வான்ட்யே பக்கம் ஆள் சேரச் சேர இவர் கழுத்து அந்தப் பக்கமே திரும்பும். ஒருமுறை ஸ்வான்ட்யேக்குக் காய்ச்சல். வந்தவர்கள் மொத்தப் பேரும் கெர்கோ மேசைக்கு வந்தார்கள். அன்று அவர் தேநீர் குடிக்கக்கூட எழவில்லை, அவ்வளவு உற்சாகம். வந்த ஒவ்வொருவரும், கிளம்பும்போது, ஸ்வான்ட்யே எப்போது வருவார் என்று அவரிடமே விசாரித்துவிட்டுப் போனார்கள்.

திங்கட்கிழமை கெர்கோவே அவருக்குத் தொலைபேசியில் பேசினாராம். "சீக்கிரம் எந்திரிச்சு வாங்க. உங்களக் கேட்டுக் கேட்டு என் உசிர எடுக்கறாங்க."