பனிமேல் நின்ற கல்

மதியம் 2.20. செங்கல்பட்டுப் பேருந்து நிலையத்தில் மாமல்லபுரம் பேருந்து புறப்பட்டது. தொலைவு ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தில், கடலரிப்பை அளப்பதற்காக ஆறு மாதங்களுக்கு முன் நான் ஊன்றிய கம்பத்தைப் பார்த்துவரும் பயணம் இது. அஞ்சுவதற்கு இதில் ஒன்றுமில்லை என்று எண்ணியே ஏறினேன்.

பக்கத்தில் அமர்ந்தவர் அதே குப்பத்துக்காரர்; பெயர் ஏழுமலை. அரசு மருத்துவமனையில் மாற்றிய புதுக் கட்டு வலது காலில் வெளுத்திருந்தது.

"ஆணி குத்திடுச்சாண்ணா?" என்றேன்.

"ஆணியா? ஐஸு கடிச்சது மேடம். ரெண்டு வெரலு கருத்துப்போச்சு. மீன் இல்லன்னா ஐஸுல பூந்துக்குவியாடான்னு எங்காளுங்க ஓட்டுறானுங்க."

மீன்வரத்து குறைந்ததால், அவரும் மனைவியின் தம்பி சேகரும் சென்ற ஆண்டு இமயமலை முகாம் ஒன்றுக்குக் கூலி வேலைக்குப் போயிருந்தார்கள். ஒரு பனியாற்றைக் குறுக்கே கடந்து, அக்கரையில் உள்ள நீர் அளக்கும் கருவிக்கு பேட்டரி சுமந்து செல்வது வேலை. விரல் கருத்ததால் இவர் திரும்பிவிட்டார். சேகர் அங்கேயே இருக்கிறார்.

2.55. திருக்கழுக்குன்றம். பேருந்து ஆள் சேர்க்க நின்றது. மாணவியாக இருந்தபோது நானும் ஒரு பனியாற்றில் நடந்திருக்கிறேன். அதன் மேல்பகுதியில் விழும் பனி ஆண்டுக்கணக்கில் அடுக்கடுக்காக அழுந்திக் கட்டியாகும்; அந்தக் கட்டி தன் எடையாலேயே சரிந்து, அடியில் கசியும் நீரில் வழுக்கி, கீழ்ப்பகுதிக்கு வந்து உருகும். நடுப்பகுதி வேகமாகவும், மலைச்சுவரில் உராயும் ஓரங்கள் மெதுவாகவும் நகரும். முந்தைய ஆண்டு மாணவர்கள் நேர்கோட்டில் ஊன்றிய மூங்கில்களின் வரிசை வில்லாக வளைந்து நின்றதை நான் கண்டேன். அடிப்பாறை சட்டென இறங்கும் இடங்களில் பனி பிளந்து ஆழமான வெடிப்புகள் உண்டாகும்.

"அந்த வெடிப்பத் தாண்டி எப்படிப் போவீங்க?"

"புதுப்பனி மூடிச்சின்னா கண்ணுக்கே தெரியாது. கடல்ல பாறைக்குத் தப்பிச்சி எப்படிக் கரையேறுவோம்? முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு, ரெண்டு குறி. ரெண்டும் நேரா வந்தா அதான் வழி. அங்கயும் அப்படித்தான் வச்சேன். நடுவுல வூடு கணக்கா ஒரு கருங்கல்லு, பின்னால ரெண்டு மலைக்கு நடுவுல ஒரு கணவாய். மச்சானுக்கும் சொல்லிட்டு வந்துகீறேன். நாளைக்குக் காலைல இந்த வருசத்துக்கு மொத தபா கடக்கப் போறான்."

"அந்தக் கல்லு தரையிலயா, பனிமேலயா?"

"பனிமேலதான்."

நான் அவர் பக்கம் திரும்பினேன். "அது நகர்ந்திருக்கும்ணா."

"கல்லு நடக்குமா? சாமி ஊர்வலமா அது?" என்று சிரித்தார்.

பனி தன்மீது விழுந்த பாறையைச் சுமந்துகொண்டே இறங்கும். வெடிப்புகளோ அடிப்பாறை சரியும் அதே இடத்தில் புதிது புதிதாகப் பிறக்கும். கல் கீழே இறங்க இறங்க அவர் வைத்த வழியும் உடன் இறங்கும். இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் மாறிவிட்டது.

"அப்போ நான் காட்டுன வழி வெடிப்புமேல போய்கீதா?"

"போயிருக்கலாம்ணா" என்று என் கைபேசியை எடுத்தேன். அவருடைய கைபேசி வீட்டில் இருந்தது; சேகரின் எண்ணும் அதில்தான் இருந்தது. சேகர் நான்கு மணிக்கு அடிவார ஊருக்கு வந்து அதற்குத்தான் பேசுவார். மேலே ஏறிவிட்டால் டவர் கிடையாது. என் கைபேசியிலிருந்து அவர் வீட்டுக்கு அழைத்தோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

3.40. மாமல்லபுரம். ஆட்டோவுக்கு இருநூறு ரூபாய் கேட்டார்கள், பேரம் பேசவில்லை. சுற்றுலா வண்டிகள் சாலையை அடைத்திருந்தன. பனியாற்றைப் பற்றிப் படித்தவள் நான். வழியில் எதேச்சையாக அவரிடம் பேசாதிருந்தால்? அந்த நினைப்பை என்னால் தள்ள முடியவில்லை.

4.12. குப்பம். அவர் மனைவி கன்னியம்மா மீன்கூடையைக் கழுவி வாசலில் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"இப்பத்தான்யா தம்பி பேசிட்டு வச்சான். கல்லும் கணவாயும் சேர்ற எடத்துலதானக்கா ஏறணும்னு கேட்டான். ஆமாண்டா, மாமா எத்தினி தபா சொல்லிகீறாருன்னேன்."

ஏழுமலை கைபேசியைப் பறித்துச் சேகரை அழைத்தார். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடியும் அதே. ஐந்து முறை. ஆறாவது முறை, "இன்னா மாமா?" என்றது குரல்.

"கல்ல நம்பாதடா!"

இணைப்பு அறுந்துவிட்டது. கன்னியம்மா என்னைப் பார்த்தார். பார்வையைத் தாங்க முடியவில்லை. பிறகு மணி அடித்தது.

"கல்லுன்ன, அப்பால கட்டாயிடுச்சி. கல்லுக்கு இன்னா?"

"அது நவுந்துனு போதுடா! கயிறு கட்டி, கம்பியால குத்திப் பாத்து, வேற வழி எடுக்காம கால் வெக்காத. எவன் கத்தினாலும் நான் பேசிக்கிறேன்."

"நீதான மாமா, அம்மாம்பெரிய கல்லு அசையாதுன்ன?"

"நான்தான்டா சொன்னேன். தப்பு. கடக்காத."

"சரி மாமா. கடக்கல."

கன்னியம்மா கூடையின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

5.05. ஏழுமலையும் என்னோடு கடற்கரைக்கு வந்தார். உலர்ந்த மணலில் நான் ஊன்றிய கம்பம், இப்போது முழங்கால் ஆழ நீரில் நின்றது. அதில் பூசியிருந்த சிவப்பு வண்ணத்தை அலை தொட்டுத் தொட்டுப் போனது.

"இது எதுக்கு மேடம்?"

"கரை எவ்வளவு நகர்ந்திருக்குன்னு பாக்க."

அவர் கம்பத்தைப் பார்த்தார். திரும்பித் தம் வீட்டைப் பார்த்தார். பிறகு அலை தொடும் இடத்தில் குதிகாலை ஊன்றி, கட்டுப்போட்ட காலை மணலில் இழுத்தபடி, வாசலை நோக்கி ஒவ்வொரு அடியாக எண்ணிக்கொண்டு நடந்தார். வாசலில் நின்றதும், அங்கிருந்து என்னைப் பார்த்தார்.