டிவி சத்தத்தைக் கொஞ்சம் குறைங்க

மியூசிக் சேனல் என்றால் பெரிய நிலையம், வண்ண விளக்கு என்று நினைத்துவிடாதீர்கள். எங்களுடையது பாகலூரில் ஒரு மாடி அறை, ஒரு கேமரா, பின்னால் ஆணியடித்த நீலத் துணி. எங்கள் ஊர் கேபிளில் மட்டும் வரும் பாட்டுச் சேனல். பெரிய சேனல்களைப் பார்த்து, நேயர்கள் ஃபோனில் பாட்டுக் கேட்கும் நிகழ்ச்சியை நாங்களும் தொடங்கினோம். தொகுப்பாளினி நான்தான்.

முதல் நாளே முதலாளி மாதையன் அண்ணன் கறாராகச் சொன்னார்: "இங்க பாரு ஸ்டெல்லா, ஒரு மணி நேரத்துல மூணு பேராவது ஃபோன்ல பேசணும். இல்லேன்னா நாளையிலேர்ந்து வெறும் பாட்டுதான். நீ வேற வேலை பாத்துக்கம்மா."

இதற்காகத்தான் முந்தின வாரம் கம்பெனி வேலையை விட்டிருந்தேன். அம்மா என்னோடு பேசுவதையே நிறுத்தியிருந்தார்.

அரை மணி நேரம் போனது. ஃபோன் வாயே திறக்கவில்லை. சிரித்துச் சிரித்து எனக்குக் கன்னம் வலித்தது. அண்ணன், "டீ குடிச்சிட்டு வரேன்" என்று கீழே இருக்கும் டீக்கடைக்கு இறங்கிவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது.

"வணக்கங்க, நான் ராயக்கோட்டை ராமு பேசறேன்." மூக்கால் பேசும் குரல். ராயக்கோட்டைக்கு எங்கள் கேபிள் போகவே போகாது. இருந்த சந்தோஷத்தில் அதெல்லாம் எனக்கு எங்கே உறைத்தது!

நான் பேசுவது ஃபோனில் எனக்கே திரும்பக் கேட்டது. "சார், டிவி சத்தத்தைக் கொஞ்சம் குறைங்க" என்றேன். குறையவில்லை. மூன்றாவது முறை சொன்னதும் மனிதர் பொறுமை இழந்தார்.

"ஏம்மா, டீக்கடை டிவிய நான் எப்படிம்மா கொறைக்கிறது!"

மூக்குக் குரல் போய்விட்டது. சாட்சாத் மாதையன் அண்ணன்! டீக்கடைக் கூட்டம் சிரித்த சிரிப்பு ஃபோனிலும் கேட்டது, மாடிப்படி வழியாகவும் கேட்டது. எல்லாம் நேரலை.

யாரோ ரிசீவரை அவரிடமிருந்து பிடுங்கினார்கள். "மேடம், நான் நெஜமாவே பாகலூர்தாங்க. செகண்ட் ஷிஃப்ட் போறேன். என் சம்சாரம் காலையிலேர்ந்து பேசல. அவளுக்காக ஒரு கன்னடப் பாட்டு போடுங்க, பஸ் வந்துரும்."

எங்களிடம் இருந்த ஒரே கன்னட சிடியை ஓடவிட்டேன். பாட்டு முடிவதற்குள் மறுபடி மணி. ஒரு பெண் குரல், கன்னடம் கலந்த தமிழ். "மேடம், அவரு சாப்பாட்டு டப்பா மறந்து போயிட்டாரு. நிக்கச் சொல்லுங்க, நான் எடுத்துட்டு வர்றேன்."

அதையும் சேனலிலேயே சொன்னேன். கம்பெனி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே நின்றது. அந்தப் பெண் ஓடி வந்து டப்பாவைக் கொடுத்ததை ஜன்னல் வழியே பார்த்தேன். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அண்ணன் மேலே வந்தார். "மூணு பேர் பேசியாச்சு."

"அதுல ஒருத்தர் நீங்கண்ணா."

"ஏன், நான் நேயர் இல்லையா?"

அந்த நிகழ்ச்சி பல வருஷம் ஓடியது. சேனல் இப்போது இல்லை. நான் ஓசூரில் ஒரு கம்பெனி கேன்டீனைப் பார்த்துக்கொள்கிறேன். சாப்பாட்டு நேரத்தில் ஆளுக்கொரு ஃபோன், காதில் ஆளுக்கொரு பாட்டு. பக்கத்தில் இருப்பவர் என்ன கேட்கிறார் என்று யாருக்கும் தெரியாது. போன மாதம் அங்கே ஒரு பெட்டி வைத்தேன். யாருக்காக, என்ன பாட்டு என்று சீட்டு எழுதிப் போட்டால் கேன்டீன் டிவியில் போடுவோம்.

முதல் நாள் பெட்டியைத் திறந்த, கேன்டீனில் என்னோடு வேலை செய்யும் லட்சுமி மூன்று சீட்டுகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "மேடம், மூணும் ஒரே கையெழுத்தா இருக்குதே?"

"ஏன், நான் நேயர் இல்லையா?" என்றேன்.